புல்லில் கால் வைக்காத மச்சாளும் ஓவெர்ன் மலைகளும்

மலை ஏற வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் என்ற தெருவில் ஒரு சேலைக்கடையில் வாரத்தில் ஆறு நாள் நின்றபடி வேலை. ஏழாம் நாள் காலைத் தூக்கிக் கதிரையில் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிப்பதுதான் என்னுடைய உல்லாசப் பயணம். அப்படிப்பட்ட நான் போன மே மாதம், இயேசு விண்ணேற்றத் திருநாளோடு சேர்ந்து வந்த நான்கு நாள் விடுமுறையில், பிரான்சின் நடுவில் இருக்கிற ஓவெர்ன் மலைப் பகுதிக்குப் போய் வந்தேன். எங்கள் சனம் லூர்துக்குப் போகும், சுவிசுக்குப் போகும். ஓவெர்னுக்குப் போனோம் என்றால் "அங்கை ஆர் இருக்கினம்?" என்றுதான் கேட்பார்கள். ஒருவரும் இல்லை. மலையும் மாடும்தான். அதனால்தான் இந்தப் பதிவு, போக நினைக்கிறவர்களுக்கு உதவும்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் தங்கை சுகந்தி மகளோடு பிரான்சுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இருப்பது பாரிசுக்கு வெளியே செவ்ரானில். ஊரில் பளைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தவள். முழங்காலில் இருந்து நிலத்தைச் சாண் சாணாகச் சுரண்டிப் பார்க்கிற வேலை. அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள், ஆனால் அது அவளை விடவில்லை. சுகந்தி புல்லில் கால் வைக்க மாட்டாள். பொபினிப் பூங்காவில் நாங்கள் எல்லோரும் துணி விரித்துக் குந்தினால், அவள் சீமெந்துப் பாதையோரத்து வாங்கில் இருந்து எட்டி எட்டி இறைச்சி ரோல்ஸ் தருவாள். "என்னடி, புல்லு கடிக்குமோ?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவளும் சிரிப்பாள். அது அவளோடு நின்றிருந்தால் யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டோம். அவளுடைய மகள் ஆரணிக்கு ஒன்பது வயது. அவளும் தாயின் பக்கத்தில் அதே வாங்கிலேயே இருப்பாள்.

ஆரணியின் வகுப்பை ஜூன் மாதம் ஐந்து நாள் ஓவெர்னுக்குக் கூட்டிப் போவதாகப் பள்ளிக்கூடம் சொன்னது. லா பூர்பூல் என்ற ஊரில் ஒரு விடுதி, பகல் முழுக்கக் காடு, மலை, ஏரி. எல்லாப் பெற்றோரும் சம்மதித்துவிட்டார்கள். சுகந்தி மட்டும் முடியாது என்றாள். ஆசிரியை நல்ல மனுசி, விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை வரைக்கும் யோசித்துச் சொல்லுங்கள் என்று தவணை கொடுத்தார். பிள்ளை அழுதிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். அவள் தாயைப் பார்த்து, "பரவாயில்லை அம்மா, நான் மற்ற வகுப்பிலை இருக்கிறன்" என்றாள்.

"பிரான்சிலை மிதிவெடியோடி?" என்று சுகந்தியிடம் கேட்டேன்.

"இல்லை எண்டு எனக்குத் தெரியும் அண்ணி. காலுக்குத் தெரியேல்லையே."

கலியாணம் பேசினால் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றுத் தண்ணியையும் குடித்துப் பார்த்துவிட்டு வருகிற சனம் நாங்கள். அதையே சொன்னேன். "ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது, சரி. அப்ப பிள்ளையை விடமுதல் நாங்கள் போய் ஆழத்தைப் பாப்பம். அந்த விடுதி, அந்த மலை, எல்லாத்தையும் நீயே உன்ரை கண்ணாலை பார். பிறகும் ஏலாது எண்டால் நான் வாய் திறக்க மாட்டன்." ஒரு கிழமை யோசித்தாள். பிறகு ஃபோன் எடுத்து, "எத்தினை சப்பாத்து கொண்டு வரவேணும்?" என்று கேட்டாள். அவளுடைய மனுசனுக்கு ரெஸ்டோரண்டில் விடுமுறை நாளில்தான் வேலை அதிகம், அவர் வரவில்லை. நான், என் கணவர், சுகந்தி, ஆரணி, நான்கு பேர்.

வியாழக்கிழமை காலை லா சப்பலில் இரண்டாம் இலக்க மெட்ரோ எடுத்து நசியோன், அங்கிருந்து ஆறாம் இலக்கத்தில் பெர்சி. கிளெர்மோன் ஃபெரானுக்கு ரயில் பெர்சி நிலையத்தில் இருந்துதான் போகிறது. கார் து லியோன் நிலையத்துக்குப் போய் நின்று முழிக்காதீர்கள், என் கணவர் அங்கேதான் போகப் பார்த்தார். பயணம் மூன்றரை மணித்தியாலம். ஒரு மாதத்துக்கு முன்பே ரிக்கற் எடுத்ததால் ஒரு பக்கத்துக்கு ஆளுக்கு முப்பத்தைந்து யூரோவுக்குள் முடிந்தது. பிள்ளைக்கு இன்னும் குறைவு.

பாதி வழியில் நான் பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் திறந்தேன். பெட்டி முழுக்க மணம். எதிரே இருந்த பிரெஞ்சு ஐயா பத்திரிகையை இறக்கிப் பார்த்தார். போச்சு, இனிச் சண்டைதான் என்று நினைத்து, முந்திக்கொண்டு ஒரு ரோல்ஸை நீட்டினேன். சாப்பிட்டார், கண்ணில் தண்ணி வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். கிளெர்மோனில் இறங்கும்போது எங்கள் பெரிய பெட்டியைத் தூக்கிப் படியில் இறக்கித் தந்ததும் அவர்தான்.

கிளெர்மோனில் வாடகைக் கார். அங்கிருந்து மோன் டோர் என்ற மலையடிவார ஊருக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர்தான், ஆனால் வளைவுப் பாதை, எங்களுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. மூன்றாம் தடவையில் லைசன்ஸ் பாஸ் பண்ணிய மனுசன் ஓட்டினால் அப்படித்தான். "இஞ்சாருங்கோ, பின்னாலை வாற சைக்கிள்காரனுக்கு வழி விடுங்கோ" என்று நான் சொல்ல, பின்சீட்டில் தாயும் மகளும் சிரித்தார்கள். வெளியே கண் எட்டுகிற தூரத்துக்குப் பச்சை. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் செம்மண் நிறத்து மாடுகள். சுகந்தி சிரிப்பை நிறுத்திவிட்டு, கண்ணாடியோடு நெற்றியை வைத்துக்கொண்டு வேலியையே பார்த்தபடி வந்தாள்.

நேரே லா பூர்பூலுக்குப் போய் விடுதியைப் பார்த்தோம். மோன் டோரில் இருந்து பத்து நிமிட ஓட்டம். விடுதிக்குப் பொறுப்பான பெண் விடுமுறை நாளிலும் கதவைத் திறந்து, படுக்கை அறை, குளியலறை, சாப்பாட்டு மண்டபம் எல்லாம் காட்டினார். எல்லாம் துப்புரவு. ஆரணி ஒவ்வொரு கட்டிலிலும் கையை வைத்துப் பார்த்தாள். வெளியே வந்தோம். கட்டடத்தின் வாசலில் தொடங்கிய புல்வெளி நேரே காட்டுக்குள் போய் முடிந்தது.

"வேலி இல்லை அண்ணி" என்றாள் சுகந்தி.

"எதுக்கடி வேலி? பிள்ளையள் விளையாடுற இடம்."

அவள் படியை விட்டு இறங்கவில்லை. ஆரணியும் இறங்கவில்லை. இருவரும் கடைசிப் படியில் அருகருகே நின்று பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்பினார்கள்.

நாங்கள் தங்கியது மோன் டோருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டின் மேல்மாடியில். மூன்று இரவுக்கு இருநூற்று எழுபது யூரோ, சமையலறை உண்டு. வீட்டுக்காரர் மாடு வளர்த்துச் சீஸ் செய்கிறவர், ஐம்பது வயது இருக்கும், பேச்சுக் குறைவு. நடைபாதைப் படத்தை மேசையில் விரித்து, கெரி ஏரியில் இருந்து போகிற பாதையைப் பென்சிலால் காட்டினார். கல்லிலும் மரத்திலும் வெள்ளையும் சிவப்புமாய்ப் பட்டை தீட்டியிருக்கும், அதைப் பார்த்துப் போனால் வழி தவறவே மாட்டீர்கள் என்றார். எனக்குப் பெரிய சந்தோசம். உடனே சுகந்திக்குத் தமிழில் சொன்னேன், "கேட்டியே, சிவப்பு வெள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போனால் பயமே இல்லையாம்." அவள் முகம் மாறியிருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கெரி ஏரிக்குப் போனோம். மோன் டோரில் இருந்து காரில் கால் மணித்தியாலம், ஆயிரத்து இருநூறு மீற்றருக்கு மேலே இருக்கிற ஏரி. காற்று அப்படியே முகத்தைக் கழுவி விடுகிறது. கரையோரம் தார் ரோட்டு, கார் நிறுத்த இலவச இடம். ஆரணி ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு "மாமி, ரெகார்ட், பாருங்கோ!" என்று தண்ணியைக் காட்டினாள். பாதை தொடக்கத்தில் சரளைக்கல், அகலமாய் இருந்தது. சுகந்தி நடந்தாள். கண்ணை நிலத்தில் இருந்து எடுக்காமல்தான், ஆனாலும் நடந்தாள். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே கொண்டாட்டம். பத்து நிமிடத்தில் பாதை ஒடுங்கி மண்ணாகியது. வளைவில் ஒரு கல். அதில் வெள்ளையும் சிவப்பும்.

சுகந்தி நின்றாள். வலக்கையைப் பின்னால் நீட்டி எங்கள் மூவரையும் மறித்தாள். ஆரணி அந்த இடத்திலேயே அசையாமல் நின்றுவிட்டாள்.

"என்னம்மா?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒருத்தரும் அசையாதைங்கோ." பிறகு தன்னையே உதறிக்கொண்டவள் போல என்னைப் பார்த்தாள். "ஊரிலை நாங்கள் சிவப்புத் தடி நட்டிருந்தால் அந்தப் பக்கம் இன்னும் பாக்கேல்லை எண்டு அர்த்தம். வெள்ளை எண்டால் பாத்து முடிஞ்சுது, போகலாம். இதிலை ரெண்டும் ஒரே கல்லிலை கிடக்குது. நான் எந்தப் பக்கம் நிக்கிறன் அண்ணி?"

ஐயோ, என்னுடைய வாய். முதல் நாள் இரவு முழுக்கச் சிவப்பு வெள்ளை, சிவப்பு வெள்ளை என்று பாடிக்கொண்டிருந்தது நான்தான். அவள் செய்த வேலை தெரியும், அதன் நிறங்கள் எனக்குத் தெரியாது. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து சின்ன வயதிலேயே இங்கே வந்தவள், அந்தப் பக்கத்து மண்ணை மிதித்ததே இல்லை. இங்கே இது தூர நடைக்காரருக்கான பாதை என்று மட்டும்தான் அர்த்தம், இரண்டு நிறமும் சேர்ந்திருந்தால் சரியான வழி, பெருக்கல் அடையாளம் போட்டிருந்தால் பிழையான வழி என்று விளக்கினேன். "விளங்குது அண்ணி" என்றாள். விளங்கியது உண்மை. கால்தான் வரவில்லை. வந்த அடிகளிலேயே அடி வைத்துத் திரும்பினோம். வருகிறபோது எதிரே வந்த நடைக்காரர் எல்லோரும் "பொன்ஜூர்" சொன்னார்கள், சுகந்தி ஒவ்வொருவருக்கும் மரியாதையாய்ப் பதில் சொன்னாள்.

ஏரியைக் கொஞ்சம் தாண்டினால் இரண்டு பெரிய பாறைகளைப் பார்க்கிற இடம் ஒன்று ரோட்டோரத்திலேயே இருக்கிறது, கெரி கணவாயில். எரிமலைக் காலத்துப் பாறைகள், பள்ளத்தாக்கின் இரு பக்கமும் காவலுக்கு நிற்கிற மாதிரி. நடக்க முடியாதவர்கள், முழங்கால் வருத்தக்காரர், கைக்குழந்தை உள்ளவர்கள் இதைத் தவற விடாதீர்கள். காரை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் போதும்.

பின்னேரம் வீட்டுக்காரர் நடை எப்படி என்று கேட்டார். என் கணவர் நடந்ததைச் சொன்னார். அந்த மனிதர் சுகந்தியைப் பார்த்து மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னார், ஆரணி மொழிபெயர்த்தாள்: "ஒவ்வொரு வருசமும் மாடுகளை மேல விடமுதல் இவர் புல்வெளி முழுக்க நடந்து பாப்பாராம். கம்பி, ஆணி, போத்தில் ஓடு ஏதும் கிடக்குதோ எண்டு."

"முழுக்கவோ?" என்று சுகந்தி கேட்டாள்.

"துட், துட்" என்றார் அவர். முழுக்க என்று கையால் ஒரு வட்டம் காட்டினார்.

சுகந்தி தலையாட்டினாள். அவர் உள்ளே போய் ஒரு முழுச் சீஸ் வட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், காசு வாங்கவில்லை. அதன் தோல் சாம்பல் நிறம், மணம் ஈரச் சாக்கு மணம். மூக்கைப் பொத்திக்கொண்டு வாயில் வைத்தேன். அடுத்த நாள் முடிவதற்குள் அதில் பாதியைத் தின்றதும் நான்தான்.

சனிக்கிழமை சான்சிச் சிகரம். பிரான்சின் நடுப்பகுதியில் இதுதான் உயரம், ஆயிரத்து எண்ணூற்றைம்பது மீற்றருக்கும் மேல். மோன் டோரில் இருந்து நாலைந்து கிலோமீற்றர் காரில் போனால் கம்பிவட வண்டி. போய்வர ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு யூரோ. நான்கு நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விடுகிறது. காலை ஒன்பதரைக்கே போங்கள், பத்தரைக்கு வரிசை ரோட்டுக்கு வந்துவிடுகிறது. வண்டி விடுகிற இடத்தில் இருந்து உச்சிக்கு மரப்படிக்கட்டு, எண்ணூறுக்கு மேல் படி. நான் எண்ணவில்லை, பலகையில் எழுதியிருந்தது. எனக்கு இருபதாம் படியிலேயே நாக்கு வெளியே வந்துவிட்டது.

சுகந்தியைப் பார்க்க வேண்டுமே! மண்ணில் முட்டாமல் மரப்படி உச்சி வரைக்கும் போகிறது என்று கண்டதும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், ஏறினாள், எங்கள் தலைக்கு மேலே சின்னப் புள்ளியாகிப் போனாள். நாங்கள் வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர, அவள் பலகைத் தளத்தில் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். நாலா பக்கமும் பழைய எரிமலைகள், எல்லாவற்றிலும் புல். நிழல் பக்கங்களில் இன்னும் வெண்பனி கிடந்தது. ஆரணி கம்பிக்குள்ளால் கையை விட்டு ஒரு பிடி பனியை எடுத்து என் கழுத்தில் போட்டாள், நான் போட்ட சத்தம் பாரிசுக்குக் கேட்டிருக்கும். "அண்ணி, நான் மண்ணிலை முட்டாமல் மலை ஏறிட்டன்" என்று சுகந்தி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மற்றவர்கள் புல்லில் குந்திச் சாப்பிட, நாங்கள் கடைசிப் படியில் வரிசையாய் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டோம். அந்தச் சிரிப்புக்காகவே நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். ஆனால் திங்கட்கிழமைக்கு என்ன பதில் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அன்று பின்னேரம் என் கணவர் மட்டும் ஊருக்கு மேலே இருக்கிற பெரிய அருவிக்கு நடந்து போய் வந்தார், ஏறி இறங்க இரண்டு மணித்தியாலம். நல்ல காட்டுப் பாதையாம், முழுக்க நனைந்து வந்தார்.

ஞாயிறு காலை வீட்டைக் கூட்டித் துடைத்துக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். பின்னேர ரயில். கிளெர்மோனுக்கு வேறு வழியாகப் போகலாம் என்று குரூவா மொரான் கணவாய்ப் பாதையை எடுத்தோம். ஆயிரத்து நானூறு மீற்றர் உயரம், மேலே தார் போட்ட கார் நிறுத்துமிடம். இறங்கினோம். எதிரே சரிவு முழுக்க மஞ்சள் பூ. ஜொங்கீய் என்று சொல்கிறார்கள், காட்டு நர்சீசுப் பூ, அந்த உயரத்தில் மே நடுப்பகுதி வரைக்கும் பூக்கிறது. ஒரு பிரெஞ்சுத் தாய் மூன்று பிள்ளைகளோடு கைநிறையப் பறித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் உருண்டு புரண்டு கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் காரின் பின்பக்கம் சாப்பாட்டுப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்க, ஆரணி ஓடுகிறாள். தாரைத் தாண்டி, புல்லுக்குள்ளே, பூக்களை நோக்கி. அந்தப் பிள்ளை ஓடி நான் கண்டதே இல்லை. எவ்வளவு அழகாக ஓடுகிறாள் என்று நினைத்து முடிக்கவில்லை.

"ஆரணி! நில்!"

சுகந்தியின் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. ஆரணி நின்றாள். அடுத்த அடிக்குத் தூக்கிய கால் தூக்கியபடியே. நில் என்றால் தூக்கிய காலைக்கூட வைக்கக் கூடாது என்று தாய் ஊரில் பழக்கியிருக்கிறாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, மஞ்சள் பூக்களுக்கு நடுவே ஒற்றைக் காலில். அழவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிரெஞ்சுப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெடியன் ஏதோ விளையாட்டென்று நினைத்துத் தானும் காலைத் தூக்கினான். அவனுடைய தாய் எங்களையும் ஆரணியையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு அவனை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

என் கணவர் ஓட எடுத்தார். சுகந்தி அவருடைய கையைப் பிடித்தாள். "நீங்கள் போகாதைங்கோ அண்ணா. நான் சொன்னால்தான் காலை வைப்பாள். நான் போறன்."

"இஞ்சை இருந்து சொல்லன்" என்றேன் நான்.

"எத்தினை நாளைக்கு இஞ்சை இருந்து சொல்லுறது அண்ணி?"

தாரின் விளிம்புக்குப் போனாள். புல்லைப் பார்த்தாள். ஒரு அடி வைத்தாள். நின்றாள். இன்னொரு அடி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து, கை தானாக முன்னால் நீண்டு நீண்டு. பாதித் தூரத்தில் ஆரணியின் கால் நடுங்கத் தொடங்கியது. கார் நிறுத்துமிடத்தில் இருந்தே தெரிந்தது. சுகந்தி அதைக் கண்டாள். அதற்குப் பிறகு அவள் நிலத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலை மட்டும் பார்த்துக்கொண்டு விறுவிறு என்று போனாள், போய் முழங்காலில் விழுந்தாள், அந்தக் காலைத் தன் இரண்டு கையாலும் பிடித்துப் புல்லில் வைத்தாள். வைத்துவிட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

நாங்களும் ஓடிப் போய்விட்டோம். என் கணவர் அழுதார், நான் அழுதேன், வெட்கம் என்ன வெட்கம். ஆரணிதான் அழவில்லை. "அம்மா, நான் சரியா நிண்டனான்தானே?" என்று கேட்டாள்.

"ஓம் குஞ்சு. சரியாத்தான் நிண்டனீ." சுகந்தி அவளுடைய முகத்தைத் துடைத்தாள், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "இனி நான் கத்தினாலும் நிக்காதை. விளங்குதோ? அம்மா கத்துவன். நீ நிக்காதை."

அந்தப் பிரெஞ்சுத் தாய் வந்து, ஒன்றும் கேட்காமல், தான் பறித்த பூக்களில் பாதியை ஆரணியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பெயர்கூடத் தெரியாது. அவளுக்கு நான் இந்த இடத்தில் தமிழில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் அந்தச் சரிவிலேயே குந்தி மிச்சப் பிட்டைச் சாப்பிட்டோம். சுகந்தி புல்லின் நுனியில்தான் இருந்தாள், முதுகு விறைத்தபடி, கை இரண்டும் மடியில். இருந்தாள், அது போதும். சாப்பிட்டு முடிய ஆரணியைப் பார்த்து "போ" என்றாள். பிள்ளை அந்த மூன்று பிள்ளைகளோடு ஓடினாள். இரண்டு தரம் சுகந்திக்கு வாய்வரைக்கும் கத்தல் வந்தது. இரண்டு தரமும் என் தொடையைக் கிள்ளினாள். நீலம் பாரித்து ஒரு கிழமை இருந்தது.

திங்கள் காலை அவள் ஆசிரியைக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள்.

இனிப் போகப் போகிறவர்களுக்குச் சில விசயங்கள். நான்கு நாளுக்கும் ரயில், கார், வீடு, பெற்றோல், வண்டிக்கட்டணம் எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு எண்ணூறு யூரோவுக்குக் கொஞ்சம் மேலே போனது, சாப்பாடு நாங்களே சமைத்ததால் குறைவு. அரிசி, தூள், கருவேப்பிலை எல்லாம் லா சப்பலிலேயே வாங்கிக் கொண்டு போங்கள், அங்கே மிளகாய்த்தூள் என்று விற்பது வெறும் சிவப்பு மா. ஞாயிறு கடைகள் மத்தியானத்தோடு பூட்டு. கார் திருப்பிக் கொடுக்கிற இடம் ஞாயிறு பின்னேரம் திறந்திருக்குமா என்று முன்பே கேளுங்கள். கார் ஓட்டாதவர்களுக்குக் கிளெர்மோனில் இருந்து மோன் டோருக்குப் பஸ் உண்டு, ஆனால் நாளுக்குச் சிலதான், நேரத்தைப் பார்த்து ரயில் எடுங்கள். மே மாதத்திலும் மேலே குளிர், காலையில் கையுறை வேண்டும். ஓட்டச் சப்பாத்து ஈரப்புல்லில் வழுக்கும், அடி பிடிக்கிற சப்பாத்து போடுங்கள். மூடுபனி இறங்கினால் திரும்பி வந்துவிடுங்கள், மலை எங்கேயும் ஓடிப்போகாது. மாட்டுப்பட்டிப் படலையைத் திறந்தால் மறக்காமல் பூட்டிவிட்டுப் போங்கள். கெரியில் இருந்து போகிற அந்தப் பாதையை நாங்கள் முடிக்கவில்லை, முடித்தவர்கள் கீழே எழுதுங்கள்.

இன்னொன்று. எங்கள் சனத்தில் யாராவது உங்களோடு வந்து, பாதையில் திடீரென்று நின்றால், "இது பிரான்ஸ், இஞ்சை என்ன பயம்" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நான் அப்படி நினைத்துத்தான் போனேன். அவர்களுக்கும் இது பிரான்ஸ் என்று தெரியும். கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள், சாப்பாட்டுப் பெட்டியைத் திறவுங்கள், மலைக்கு அவசரம் இல்லை. ஏன் எதற்கு என்று கேட்காமல் சீஸ் தந்த மனிதரும், பூ தந்த பெண்ணும், கதவு திறந்து காட்டிய விடுதிக்காரியும் எனக்குக் கற்றுத் தந்தது அவ்வளவுதான். அந்த நாட்டுப்புறச் சனம் நல்லாய் இருக்கட்டும்.

ஜூன் மாதம் பிள்ளைகள் புறப்பட்ட காலை நானும் செவ்ரானுக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றது. ஆசிரியை ஒவ்வொரு தாயிடமும், உங்கள் பிள்ளையைப் பற்றி நான் தெரிந்திருக்க வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு தாய் மகனுக்குக் கடலை ஒத்துவராது என்றாள். இன்னொருத்தி, மகள் இருட்டில் தூங்க மாட்டாள் என்றாள். சுகந்திக்குப் பிரெஞ்சு மட்டுமட்டு. இப்படியான இடத்தில் ஆரணியை முன்னுக்குத் தள்ளித்தான் பேசுவாள். ஆரணியோ ஏற்கெனவே பஸ்சில் ஏறி ஜன்னலோரம் இருந்துவிட்டாள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். சுகந்தி என் கையை அமத்தினாள்.

"எல் கூர்..." என்று தொடங்கி, எச்சிலை விழுங்கிவிட்டு, ஆசிரியையின் முகத்தை நேராகப் பார்த்து முடித்தாள், "எல் கூர் போக்கூ, மதாம்."

அவள் நிறைய ஓடுவாள் என்று அர்த்தம். ஆசிரியை சிரித்து, நல்லதுதானே என்று சொல்லிவிட்டு அடுத்த தாயிடம் போனார்.

"சரியாச் சொன்னனோ அண்ணி?" என்று சுகந்தி கேட்டாள்.

"ஓமடி" என்றேன். "சரியாத்தான் சொன்னாய்."